ஓராண்டு நீட்டிப்பு

ஜூன் 9, திங்கள்

துணைவேந்தர் அறையில் கூட்டம். பெயர் மாற்றக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். "டாக்டர் இருளப்பன் மாதிரி மூத்தவங்க அவசியம் இருக்கணும்" என்றார் துணைவேந்தர். நவம்பரில் ஓய்வு பெறப் போகிற புவியியல்காரன் எதிர்த்துப் பேசினாலும் காற்றோடு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். காப்பி நன்றாக இருந்தது.

குண்டாற்றுப் பல்கலைக்கழகம் என்ற பெயர் வளர்ச்சிக்குத் தடையாக இருக்கிறதாம். மூடிப் போன பஞ்சாலைக் கொட்டகையில் ஐந்து துறைகளோடு தொடங்கினோம். இன்று முப்பதுக்கும் மேல் துறைகள், புதிதாக இரண்டு விடுதிகள், நுழைவாயிலில் ஓடாத நீரூற்று ஒன்று. வளர்ச்சிக்குத் தடை எங்கே வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. இனி 'தென்மாவட்ட அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்' என்று வைக்கலாம் என்கிறார்கள். ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் பட்டம் கொடுத்துவிடலாம்.

அடுத்து, கல்வி முன்னுரிமைகள். காலியாகக் கிடக்கும் பணியிடங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து டேட்டா சயின்ஸ் போன்ற வளரும் துறைகளுக்குத் தருவார்களாம். லீனில் போனவர்களின் இடங்களும் இதில் அடங்கும். லீன் என்றால், ஒருவர் வேறு எங்காவது போய் வேலை பார்த்தாலும் இங்கே அவர் இடம் அவருக்கே என்று வைத்திருப்பது. அப்படிப் போனவர்கள் செப்டம்பர் முப்பதுக்குள் வந்து சேராவிட்டால் இடம் போய்விடும்.

என் துறையில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. நீரியல். டாக்டர் பிலோமினா ஏழு வருடம் முன்பு எத்தியோப்பியாவுக்குப் போனார். வருடா வருடம் நான்தான் நீட்டிப்புக்குப் பரிந்துரை எழுதி, ஆட்சிக்குழுவில் மன்றாடி, ஆணை வாங்கி அனுப்புகிறேன். துறையின் நலன் கருதித்தான். ஓர் இடம் போனால் திரும்பக் கிடைக்காது.

ஜூன் 13, வெள்ளி

டாக்டர் பிலோமினாவின் அறையைத் திறந்து ஜன்னல்களை விரித்து வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் செய்வதுதான். பூட்டியே கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும். அவருடைய குடை ஆணியில் தொங்குகிறது. ஒருமுறை விரித்து மடக்கினேன், துருப்பிடிக்காமல் இருக்க.

அலுவலகக் கண்காணிப்பாளர் செல்லத்துரை வாசலில் நின்று, "சார், அட்டெண்டர்ட்டச் சொன்னாச் செய்ய மாட்டானா?" என்றார். அவன் ஜன்னலைச் சாத்த மறந்துவிடுவான் என்றேன். அவர் சிரித்தபடி போனார். எதற்குச் சிரித்தார் என்று தெரியவில்லை.

ஜூன் 24

பெயர்க் குழுவின் முதல் அமர்வு. செயலாளர் கணினித் துறைத் தலைவர் நிரஞ்சனா. இங்கேயே படித்த பெண். கெட்டிக்காரி. அவளைத் திட்ட முடியவில்லை என்பதுதான் என் கஷ்டம்.

"சார், பெங்களூர்ல எனக்கு முதல் இன்டர்வியூ. எந்த யுனிவர்சிட்டின்னான். சொன்னேன். அது என்ன பேருன்னான். ஆத்தோட பேருன்னேன். ஆத்துல தண்ணி ஓடுமான்னு கேட்டான். பொய் சொல்ல வாய் வரலை. வேலையும் வரலை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொன்னேன்.

முதல் ஆண்டு ஐப்பசி. ஆற்றில் அதுவரை மணலையும் சீமைக்கருவேலத்தையும் தவிர எதையும் நாங்கள் பார்த்ததில்லை. ஒருநாள் காலையில் வெள்ளம். பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் கரைக்கு ஓடினோம். டாக்டர் பிலோமினா அப்போது வேலைக்குப் புதிது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அளவுகோலோடு இடுப்பளவு நீரில் நின்று, எண்களைக் கத்திக் கத்திச் சொன்னார். கரையிலிருந்து நான் குறித்துக்கொண்டேன். அந்த வாரம் பெயர் சூட்டும் கூட்டம். ஆளாளுக்குத் தங்கள் பக்கத்துத் தலைவர் பெயரைச் சொல்லி அடிதடி வரை போனது. கடைசி வரிசையிலிருந்து எழுந்தவர் அவர்தான். "ஆத்துப் பேரை வைங்க. ஆத்துக்குச் சாதியும் கிடையாது, கட்சியும் கிடையாது." அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

"அது சரி சார், அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றாள் நிரஞ்சனா.

எத்தியோப்பியாவில் என்றேன்.

ஜூன் 30

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. புக் செய்தேன். ராத்திரிக்குப் பழம்.

ஜூலை 14

டாக்டர் பிலோமினாவுக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்புத் தர வேண்டி, இந்த முறை நேரடியாகத் துணைவேந்தரிடமே போனேன். "சார், ஏழு வருஷம். நீங்க ஒரு இடத்தையா காப்பாத்துறீங்க, ஒரு கோயிலையா?" என்றார். இனி நீட்டிப்பு இல்லை. செப்டம்பர் முப்பதுதான் கடைசி.

அதைத் தெரிவித்துக் கடிதம் தயார் செய்தேன். 'தங்கள் நலமறிய ஆவல்' என்று முதலில் எழுதியிருந்தேன். அலுவலக நகல் செல்லத்துரை கைக்குப் போகும் என்பதால் அடித்துவிட்டேன். 'உரிய காலத்தில் தங்கள் முடிவைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று முடித்தேன். தெளிவாக இருக்கிறது.

ஜூலை 29

ஆய்வு மாணவன் ஒருவன் தன் விண்ணப்பத்தை நேராகப் பதிவாளருக்கு அனுப்பிவிட்டான். திருப்பி வாங்கிவரச் சொல்லி, 'துறைத் தலைவர் வழியாக' என்று எழுதவைத்து, மறுபடி அனுப்பினேன். எனக்கு 'வழியாக சார்' என்று மாணவர்கள் பட்டப்பெயர் வைத்திருப்பது தெரியும். இருக்கட்டும். முறை என்று ஒன்று இருக்கிறது.

பதில் இல்லை.

ஆகஸ்ட் 11

பதில் இல்லை. கடைவாய்ப் பல் வலிக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஜன்னல் திறந்தேன். கேண்டீனில் செல்லத்துரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தப்பா நினைக்காதீங்க சார். இலவு காத்த கிளி கதை தெரியும்ல?" என்றார். பருப்புவடை ஆறிப் போயிருக்கிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

மாலையில் குழுக் கூட்டம். குண்டாறு என்ற பெயர்தான் நம் அடையாளம், அதை விட்டுத்தர மாட்டேன் என்று மேசையில் தட்டிப் பேசினேன். தண்ணீர் தம்ளர் கவிழ்ந்தது. "எதுக்கு சார் இவ்வளவு கோபம்? பேருதான?" என்றாள் நிரஞ்சனா. எனக்கே தெரியவில்லை. அந்தப் பெயரை ஒருவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் திரும்பி வந்து வாசலில் நிற்கும்போது வேறு பெயர் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

செப்டம்பர் 3

வாட்ஸப்பில் செய்தி வந்தது. 'இருபத்துநாலாம் தேதி வாறேன் சார். நேர்ல பேசுவோம்.'

வருகிறார்! இடம் பிழைத்தது.

செப்டம்பர் 6

பல்லைப் பிடுங்கிவிட்டேன். எவ்வளவு நாள்தான் பொறுப்பது?

செப்டம்பர் 14

அறைக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டேன். வந்து சேருகிற ஆசிரியருக்குச் செய்ய வேண்டிய ஏற்பாடுதான். அருப்புக்கோட்டையில் இரண்டு சட்டை எடுத்தேன், பழையவற்றில் காலர் நைந்துவிட்டது. "யாருக்கு சார் கல்யாணம்?" என்றான் கடைக்காரன். கடைக்காரர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பார்கள்.

செப்டம்பர் 23

அடுத்த பருவத்துக்கு நீரியல் பாடத்தைக் கால அட்டவணையில் போட்டேன். பக்கத்தில் 'பி' என்று எழுதினேன். அந்தக் கட்டம் நிரம்பி எத்தனையோ காலமாயிற்று. தூக்கம் வராது போலிருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

வந்தார்.

தூத்துக்குடியில் அண்ணன் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டுப் பேருந்தில் வந்திருந்தார். முடி பாதி நரைத்திருக்கிறது. சாயம் பூசவில்லை. சிரிப்பு அதேதான். "என்ன சார், மெலிஞ்சிட்டீங்க. பல்லு எங்க போச்சு?" என்றார் முதல் வார்த்தையாக. ஏழு வருடமாக யோசித்து வைத்திருந்த முதல் வார்த்தை எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. "வாங்க மேடம், பஸ் கூட்டமா?" என்றேன்.

அறையைத் திறந்து காட்டினேன். மேசை, நாற்காலி, மழைமானி, குடை, கண்ணாடிக்கடியில் அவர் செருகி வைத்திருந்த வேளாங்கண்ணி மாதா படம். ஒன்றும் இடம் மாறவில்லை. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சார், நான் செத்தா போயிட்டேன்? இப்படி வச்சிருக்கீங்க!"

"பூஞ்சை பிடிச்சிரும்னு…"

அவர் உள்ளே வந்து குடையைத் தொட்டுப் பார்த்தார். நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தபடி கேட்டார்.

"நீரியல் இப்ப யாரு எடுக்கா?"

"யாரும் எடுக்கலை. எடத்துல வேற ஆளைப் போட்டா நீங்க வரும்போது சிக்கலாயிரும். கௌரவ விரிவுரையாளர் கேட்டாக்கூட, இந்த எடம் தேவையில்லைன்னு ஆரம்பிச்சிருவாங்க. அதான்…"

"ஏழு வருசமாவா?"

நான் தலையாட்டினேன். பெருமையோடுதான் ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

"அப்ப ஏழு செட்டுப் பிள்ளைய ஆத்தைப் பத்தி ஒண்ணும் படிக்காமலே போயிருச்சு. அந்தா கெடக்கு ஆறு. ஒரு பிள்ளையக் கூட்டிட்டுப் போயி அளந்து காட்ட ஆளில்லை. இதுல பேரை மாத்தக் கூடாதுன்னு நீங்க சண்டை போடுதீங்கன்னு செல்லத்துரை சார் சொன்னாரு. பேருல ஆறு இருந்தா போதுமா சார்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். ராஜினாமா. அங்கே ஓர் ஏரிக்கரை ஊரில் நிரந்தரமாகவே வேலை கொடுத்திருக்கிறார்களாம்.

"இன்னும் ஆறு நாள் இருக்கு மேடம். இப்பச் சேர்ந்தாக்கூட சர்வீஸ் விட்டுப்போகாது. கால அட்டவணைல போட்டுட்டேன்."

அவர் சிரித்தார். கண் கலங்கிய சிரிப்பு.

"வருசா வருசம் ஆகஸ்ட் மாசம் ஒங்க லெட்டர் வரும் சார். நின்ன எடத்துலயே கவரைப் பிரிப்பேன். பிரிச்சா, 'மேலும் ஓராண்டு நீட்டித்து ஆணையிடப்படுகிறது.' சரி, இந்த வருசமும் வரவேண்டாம்னு சொல்லுதாரு போலன்னு மடிச்சு வச்சிருவேன்."

"ஐயோ, நான் எடத்தைக் காப்பாத்தத்தான மேடம்…"

"எடத்தைக் காப்பாத்துனீங்க சார். வாங்கன்னு ஒரு வார்த்தை எழுதலையே."

வெளியே யாரோ மாணவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். வருடந்தோறும் அந்த ஆணைக்காக எத்தனை படி ஏறினேன், எத்தனை பேரிடம் பல்லைக் காட்டினேன். கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கு அது சாத்திய கதவாகவே தெரிந்திருக்கிறது.

"இதை நேராப் பதிவாளருக்கு மெயில்லயே அனுப்பியிருக்கலாம். துறைத் தலைவர் வழியாத்தான் வரணும்னு நீங்க வச்சிருக்கீங்கல்லா. அதான் பிளேன் ஏறி வந்தேன்" என்றார்.

பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இதையும் நீட்டிச்சிராதீங்க சார்" என்றார். போட்டுவிட்டேன்.

எனக்கு வலிக்கிறது. பிடுங்கிய பல் அல்ல.

செப்டம்பர் 25

விடுப்பு. ஆற்று மணலில் கொஞ்ச தூரம் நடந்தேன். அவர் நின்ற இடம் எது என்று இப்போது சரியாகத் தெரியவில்லை. கரை உடைந்து, முள் மண்டி, எல்லாம் மாறிவிட்டது. அளக்க ஆள் வைத்திருந்தால் எங்கே எப்போது உடைந்தது என்றாவது தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 26, வெள்ளி

பெயர்க் குழுவின் கடைசி அமர்வு. எல்லோரும் நான் மேசையைத் தட்டுவேன் என்று தம்ளர்களைத் தள்ளி வைத்திருந்தார்கள்.

"பேரை மாத்திக்கங்க. நான் கையெழுத்துப் போடுறேன். ஆனா நீரியல் எடம் டேட்டா சயின்ஸுக்குப் போகக் கூடாது. நிரந்தரமா ஆள் போடணும். விளம்பரம் வர்ற வரைக்கும் அடுத்த மாசமே கௌரவ விரிவுரையாளர் வரணும். கல்வி முன்னுரிமைல முதல் வரியா, இந்த மாவட்டத்து ஆறு குளங்களைப் பத்தின படிப்புன்னு எழுதுங்க" என்றேன்.

நிரஞ்சனா என்னையே பார்த்தாள். "சார், அது எங்களுக்கு வர வேண்டிய எடம்" என்றாள்.

"தெரியும்மா. அடுத்த இன்டர்வியூவுல நம்ம பிள்ளைட்ட ஆத்துல தண்ணி ஓடுமான்னு கேட்டா, எந்த மாசம், எவ்வளவு, ஏன் ஓடலைன்னு அவன் பதில் சொல்லணும்ல?"

அவள் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு துணைவேந்தர் பக்கம் திரும்பி, "எழுதிக்கலாம் சார்" என்றாள். துணைவேந்தருக்குப் பெயர் கிடைத்தால் போதும். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

நான் ஒன்றும் பெரிய ஆளாகிவிடவில்லை. ஏழு வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டியது.

இன்று ஜன்னல் திறக்கவில்லை. சாவியைச் செல்லத்துரையிடம் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 27, சனி

பிலோமினா கிளம்பினார். பேருந்து நிலையம் வரை போனேன். ஒரு பொட்டலம் காப்பிக்கொட்டை கொடுத்தார், அந்த ஊரில் விளைந்தது. பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, மூன்று தரம் ஊற்றிக் குடிப்பார்களாம். மூன்றாவது தரம் வரை இருந்து குடிக்காமல் எழுந்து போவது மரியாதை இல்லையாம்.

"குழுவுல நீங்க பேசுனதச் செல்லத்துரை சார் சொன்னாரு. நல்ல காரியம் சார்."

"பேரு போயிருச்சு மேடம். நீங்க வச்ச பேரு."

"போட்டும். ஆறு எங்கயும் போகாதுல்லா."

தூத்துக்குடி வண்டி வந்து நின்றது. ஏறப் போனவர் படியில் நின்று திரும்பினார்.

"ஒங்களுக்கு ஒண்ணு தெரியுமா சார்? அங்க காலண்டர் வேற. நம்மள விட ஏழு வருசம் பின்னால ஓடுது. அந்தக் கணக்குப்படி பாத்தா நான் இங்க இருந்து இப்பத்தான் கெளம்புதேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். "இருங்க" என்று சொன்னேன். நிஜமாகவே சொன்னேன், வாய்விட்டு. ஆனால் பக்கத்து வண்டிக்காரன் விருதுநகர், விருதுநகர் என்று கத்திக்கொண்டிருந்தான். அவர் கையசைத்தார்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வர மனமில்லை. காய்கறி வாங்கினேன். வெண்டைக்காய் முற்றல்.

அக்டோபர் 22

கௌரவ விரிவுரையாளராக ஒரு பெண் வந்திருக்கிறாள். வந்த இரண்டாம் நாளே மாணவர்களை ஆற்றுக்குக் கூட்டிப் போய்விட்டாள். குடை இல்லாமல் போனாள். ஆணியில் தொங்கியதை எடுத்துக் கொடுத்தனுப்பினேன்.

அக்டோபர் 30

ஆற்றில் தண்ணீர். முழங்கால் அளவுதான். மாணவர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். படம் எடுத்து பிலோமினாவுக்கு அனுப்பினேன். கூடவே ஏதாவது எழுதலாம் என்று பார்த்து, எழுதாமலே விட்டேன்.

நவம்பர் 7

நுழைவாயிலில் பழைய எழுத்துகளைப் பெயர்த்துப் புதிய பெயரைப் பொருத்துகிறார்கள். இடம் போதாமல் 'பல்கலைக்கழகம்' இரண்டாவது வரிக்கு இறங்கிவிட்டது. பேருந்தில் கண்டக்டர் இன்னும் "குண்டாத்துப் பாலம் எறங்கு" என்றுதான் சொல்கிறார்.

துணைவேந்தர் கூப்பிட்டு, கல்வியாண்டு முடியும் வரை மறுநியமனம் தருகிறேன் என்றார். "உங்களுக்கும் ஒரு நீட்டிப்பு" என்று சிரித்தார். வேண்டாம் சார் என்றேன். அவர் நம்பவில்லை. இந்தக் கட்டடத்தில் நீட்டிப்பு வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் நான்தானாம்.

நவம்பர் 20

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். வேலை பார்க்கும் இடத்தின் பெயர் பழையதா புதியதா என்று அவருக்கும் குழப்பம். விளக்கினேன். காப்பி கொடுத்தேன், அந்தக் கொட்டையை வறுத்து இடித்தது. முகம் சுளித்தபடி குடித்தார்.

"புவியியல் புரொபசருங்கிறீங்க. ஊரு உலகத்துப் படமெல்லாம் செவுத்துல மாட்டியிருக்கீங்க. இத்தனை வயசு வரைக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுக்கலியா சார்?"

"போக வேண்டிய எடம் இப்பத்தான் தெரிஞ்சுச்சு" என்றேன்.

நவம்பர் 26

காலையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பார்வை எண் இல்லாமல், நகல் யாருக்கும் இல்லாமல், ஒரே ஒரு வார்த்தை எழுத இவ்வளவு நேரமா? 'வரட்டுமா?' மதியச் சாப்பாட்டுக்கு முன் அனுப்பிவிட்டேன்.

நான்கு மணிக்குப் பிலோமினாவிடமிருந்து பதில் வந்தது.

'விண்ணப்பம் துறைத் தலைவர் வழியா வரணும் சார்.'

இந்த மாதம் முப்பதாம் தேதி வரை துறைத் தலைவர் நான்தான். பரிந்துரைத்து உடனே அனுப்பிவிட்டேன்.